தந்தை சிவராஜும் குடியரசுக் கட்சியும்

1956 திசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மறைந்தபோது, இந்திய நாட்டின் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு தலைவரை மட்டும் இழந்தாரில்லை. அவர் தொடங்கவிருந்த ஒரு கட்சியும் தொட்டிலிலேயே தந்தையை இழந்து நின்றது. ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைக் கலைத்துவிட்டு, எல்லாச் சமூகத்தாருக்கும் கதவு திறந்த இந்தியக் குடியரசுக் கட்சியை அமைப்பது என்று அவர் அவ்வாண்டு செப்டம்பர் மாதமே முடிவு செய்திருந்தார். அம்முடிவைச் செயற்படுத்தக் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் நாகபுரியில் தொண்டர்கள் கூடி அக்கட்சியை முறைப்படி தொடங்கினார்கள். அதன் முதல் தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்தவர் மராட்டியர் அல்லர்; கட்சியின் முதுகெலும்பாயிருந்த மகர் சமூகத்தைச் சேர்ந்தவரும் அல்லர். சில நாட்களுக்கு முன்னரே 65 வயது நிறைந்திருந்த சென்னை வழக்கறிஞர், சட்டக் கல்லூரியில் பாடம் சொன்ன ஆசிரியர், நம் தமிழ்நாட்டின் என். சிவராஜ் அவர்களே அவர்.

நம் பக்கத்துச் சேரிகளில் அண்ணலின் படம் இல்லாத மன்றம் இன்று அரிது. ஆனால் அண்ணல் விட்டுச் சென்ற கட்சியை ஏழாண்டுக் காலம் தலைமை தாங்கி நடத்தியவர் நம் மொழி பேசிய ஒருவர் என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அன்னாரின் வாழ்வை எழுத நாம் முற்பட்டதற்கு இதுவே முதற் காரணம். அரசியலில் நாட்டம் கொண்ட நம் பிள்ளைகள், ஒரு பெருந்தலைவர் மறைந்தபின் அவர் கட்டிய இயக்கம் எவ்வாறு பிழைக்கிறது, எங்கே தளர்கிறது என்பதைக் கண்ணாரக் காண இவ்வரலாறு இடந்தரும் என்பது மற்றொரு காரணம்.

நமசிவாயம் சிவராஜ் 1892 செப்டம்பர் 29-இல் கடப்பையில் ஒரு பறையர் குடும்பத்தில் பிறந்தார். இந்நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்னும் வெள்ளையர், அம்மாவட்டத்துப் பறையர்களின் இழிநிலையை நேரிற் கண்டு 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாதவன் எவ்வாறு தலைநிமிர்வான் என்பதே அவ்வறிக்கையின் உட்கிடை. அதன் விளைவாக, நம்மவர்க்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணை 1892 செப்டம்பர் 30-இல் பிறந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்லுவது இவ்வாணையின் வழி வந்ததே. ஆணை பிறந்ததற்கு முதல்நாள் சிவராஜ் பிறந்தார். சோதிடம் பார்ப்பதற்காக இதனை நாம் சொல்லவில்லை. பின்னாளில் அவர் நாடாளுமன்றம் சென்றதும் அந்தச் செங்கற்பட்டிலிருந்துதான். அவர் தலைமை ஏற்ற கட்சி நாடறியச் செய்த பெரும் போராட்டமும் நிலத்திற்காகத்தான்.

சென்னையில் பட்டப் படிப்பும் சட்டப் படிப்பும் முடித்து வழக்கறிஞரான சிவராஜ், சென்னைச் சட்டக் கல்லூரியில் 13 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு குலத்தில் தோன்றியவரிடம், உயர்குலத்து இளைஞர்கள் எழுந்து நின்று சட்டம் கேட்டார்கள். அண்ணலும் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர் என்பதை இங்கே நினைக்கலாம். இருவரும் சட்ட ஆசிரியர்களாயிருந்து அரசியலுக்கு வந்தவர்கள். ஆயினும் இருவரும் வந்த வழி வேறு. அண்ணல் மகாத் குளத்தங்கரையிலும் நாசிக் கோயில் வாசலிலும் மக்களைத் திரட்டிப் போராடி வந்தார். சிவராஜ் சட்டசபை மண்டபத்தின் வழியாக வந்தார்.

1918-இல் அவர் மீனாம்பாள் அம்மையாரை மணந்தார். அம்மையார் 1904-இல் ரங்கூனில் பிறந்தவர். ரங்கூனில் வணிகம் செய்து பொருளீட்டி அறம் செய்த மதுரைப் பிள்ளை அவர்தம் பாட்டனார். சென்னைப் பொதுவாழ்வில் நம்மவர்க்காக முன்னின்ற வாசுதேவப் பிள்ளை அவர்தம் தந்தையார். கணவனும் மனைவியும் ஒரே மேடையில் ஏறிப் பேசிய காட்சி அக்காலத்தில் நம் சமூகத்தில் மட்டுமன்று, எச்சமூகத்திலும் அரிது. ஈ.வெ. ராமசாமிக்குப் பெரியார் என்னும் பட்டத்தை வழங்கிய 1938 நவம்பர் மாதச் சென்னைப் பெண்கள் மாநாட்டில் அம்மையார் முன்னணியிற் பங்கேற்றார். அம்மையாரின் வரலாறு தனியே எழுதத் தக்கது. இங்கே இவ்வளவில் நிறுத்துகிறோம்.

நீதிக்கட்சியின் ஆதரவாளராகப் பொதுவாழ்வில் நுழைந்த சிவராஜ், 1926 முதல் 1936 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் நம்மவர் அவைக்குள் நுழையப் பெரும்பாலும் ஆளுநரின் நியமனமே வழி. 1937 முதல் டெல்லி மத்திய சட்டசபையில் அமர்ந்தார். இராவ் பகதூர் பட்டமும் வந்தது. வெள்ளையர் தந்த பட்டத்தையும் பதவியையும் ஏற்றவர் என்று அவரைக் குறைசொன்னோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தேர்தலில் நிற்க வழியில்லாத, நின்றால் ஊரார் அடிக்கின்ற, வாக்குரிமைக்கு வேண்டிய சொத்தும் வரியும் இல்லாத மக்களுக்காகப் பேச ஒரு நாற்காலி கிடைத்தால் அதில் அமராமல் வேறென்ன செய்வது? இக்குறையைச் சொல்லுவோர் இதற்கு விடை சொல்லக் காணோம். ஆனால் ஒன்றை மறைக்க வேண்டுவதில்லை. பேரவையில் பழகியவர்க்குப் பெருங்கூட்டத்தில் பழக்கம் குறைவு. சிவராஜின் வலிமையும் அவர்தம் குறையும் இங்கேதான் தொடங்குகின்றன.

1942-ஆம் ஆண்டு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்திலிருந்து கிரிப்ஸ் வந்து ஒரு திட்டத்தை வைத்தார். நாட்டின் வருங்கால அரசியல் சட்டத்தைப் பற்றிய அத்திட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு உறுதியான பாதுகாப்பு ஏதுமில்லை. அண்ணலும் நம் எம்.சி. ராஜாவும் அவரைக் கண்டு தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் தனித்தொகுதிப் பிரச்சினையில் எதிரெதிரே நின்ற அவ்விருவரும் இப்போது ஒருங்கே நின்றார்கள் என்பதிலிருந்தே நிலைமையின் கடுமை விளங்கும். மாகாணந்தோறும் தனித்தனியே சங்கம் வைத்துக்கொண்டிருந்தால் இனிப் பயனில்லை, அகில இந்திய அளவில் ஒரே குரல் வேண்டும் என்ற எண்ணம் எங்கும் எழுந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் நாகபுரியில் மாபெரும் மாநாடு கூடியது. பெண்கள் மாநாடு ஒன்றும் சமதா சைனிக் தளத்தின் மாநாடு ஒன்றும் அத்துடன் சேர்ந்து நடந்தன. தலைமை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் சிவராஜ். அங்கேதான் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் பிறந்தது. அதன் தலைவர் சிவராஜ். பொதுச்செயலாளர் மராட்டியத்தின் பி.என். ராஜ்போஜ்.

அண்ணலின் கட்சிக்கு அண்ணல் தலைவராகாமல் சென்னைக்காரர் ஒருவர் தலைவரானது ஏன் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அம்மாதத்தில்தான் அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பதவியேற்றார். அரசுப் பொறுப்பில் இருப்பவர் கட்சித் தலைமையை ஏற்பது பொருந்தாது. அது வெளிப்படையான காரணம். எமக்குத் தோன்றுவது வேறொன்றும் உண்டு. 1936-இல் அண்ணல் அமைத்த சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் மாகாணத்திற்கு அப்பால் பரவவில்லை. அகில இந்தியா என்று பெயர் வைத்தபின் அதன் தலைமையும் மராட்டியத்துக்கு வெளியே இருந்து வந்தாலன்றி மற்றை மாகாணத்தார் அதனைத் தம் கட்சியென்று கொள்ளார். தெற்கேயிருந்து, பல கட்சிகளோடும் பழகிய, எவரையும் பகைத்துக்கொள்ளாத ஒருவர் தேவைப்பட்டார். சிவராஜ் கிடைத்தார்.

அப்பதவி வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு 1945 சான்று. போர் முடியும் தறுவாயில் வைசிராய் வேவல், புதிய நிர்வாகக் குழு அமைப்பதற்காகச் சிம்லாவில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். சூன் 25-இல் அது தொடங்கியது. காந்தியாருக்கும் ஜின்னாவுக்கும் அழைப்பு. மாகாண முதலமைச்சர்களுக்கு அழைப்பு. சீக்கியர் சார்பில் தாரா சிங்குக்கு அழைப்பு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் சிவராஜுக்கு அழைப்பு. நாட்டின் பங்கை யார் யாருக்கு எவ்வளவு என்று பேசிய அம்மேசையில், கோடிக்கணக்கான நம் மக்களுக்காக அழைக்கப்பட்டிருந்தவர் அந்த ஒருவரே. முஸ்லிம் உறுப்பினர் அனைவரையும் லீகே நியமிக்கும் என்ற ஜின்னாவின் பிடிவாதத்தால் சூலை 14-இல் மாநாடு முறிந்தது. முறிந்தாலும், தாழ்த்தப்பட்டோர் காங்கிரசின் வாலில் கட்டப்பட்ட கூட்டம் அல்லர், தனியே அழைத்துப் பேசத்தக்க ஒரு தரப்பு என்பது ஆவணமாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் சென்னை மாநகரின் மேயராகவும் ஆனார். அவருக்கு முன்பே 1937-இல் ஜெ. சிவஷண்முகம் பிள்ளை அப்பதவியை வகித்து வழி திறந்திருந்தார். எம்.சி. ராஜா 1943-இல் மறைந்தார். வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு சென்று வாதாடிய இரட்டைமலை சீனிவாசன் 1945-இல் மறைந்தார். சென்னை மாகாணத்தில் மூத்த தலைமுறையின் பாரம் முழுவதும் சிவராஜின் தோளில் இறங்கியது.

அடுத்து வந்த தேர்தல் அந்தப் பாரத்தை இருமடங்காக்கிற்று. பூனா ஒப்பந்தத்தின்படி நடந்த தேர்தல்முறையை நம் இளைஞர் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். தனி இடம் ஒவ்வொன்றுக்கும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரில் ஒருவரைப் பின்னர் எல்லாச் சாதியாரும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். ஆகவே நம்மவர் வாக்கில் முதலாவதாக வந்தவர், ஊரார் வாக்கில் நாலாவதாகத் தள்ளப்படலாம். 1946-இல் நடந்தது அதுவே. முதற் சுற்றில் நம் மக்களின் ஆதரவைப் பெற்ற சம்மேளன வேட்பாளர்கள் இரண்டாஞ் சுற்றில் வீழ்ந்தார்கள். நாடெங்கும் 150-க்கும் மேற்பட்ட தனி இடங்களில் சம்மேளனத்துக்குக் கிடைத்தவை 2 மட்டுமே. அண்ணலே வங்காளத்து ஜோகேந்திரநாத் மண்டலின் துணையால்தான் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய முடிந்தது. 1952 பொதுத்தேர்தலிலும் மக்களவையில் சம்மேளனம் பெற்றவை 2 இடங்கள்தாம். பம்பாயில் அண்ணல் தோற்றார். தமிழ் பேசும் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயலில் பி.எம். சுவாமிதுரை சம்மேளனத்தின் சார்பில் மைசூர்ச் சட்டசபைக்கு வென்றது தெற்கத்தியார்க்கு ஓர் ஆறுதல்.

இத்தோல்விகளிலிருந்துதான் குடியரசுக் கட்சி என்ற எண்ணம் பிறந்தது. தாழ்த்தப்பட்டோர் தனித்து நின்றால் எத்தொகுதியிலும் பெரும்பான்மையாகார். ஏழைகள், சிறுபான்மையோர், பிற்பட்டோர் ஆகிய அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் கட்சி வேண்டும் என்று அண்ணல் கருதினார். அதற்கு ஆள் பயிற்றவேண்டும் என்றும் கருதினார். 1956 சூலையில் பம்பாயில் அரசியல் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 15 மாணவர்கள் சேர்ந்தார்கள். நூலகர் எஸ்.எஸ். ரேகே அதனை நடத்தினார். அண்ணல் மறைந்த சில மாதங்களில் பள்ளியும் மூடப்பட்டது. கல்விக்கென்று இருபத்தைந்து ஆண்டுகள் சங்கம் நடத்தியிருக்கும் நமக்கு, கட்சி பிளந்த செய்தியைக் காட்டிலும் அப்பள்ளி மூடிய செய்தியே மனத்தை வருத்துகிறது. பள்ளி இருந்திருந்தால் பிளவு நேராது போயிருக்கக்கூடும் என்றுகூட நாம் நினைப்பதுண்டு. சட்டம் கற்பித்த ஒருவரே தலைவராயிருந்தும் அப்பள்ளி மீண்டும் திறக்கப்படாமற் போனது ஒரு குறையே.

அண்ணல் மறைந்தபின் கட்சியை எவர் நடத்துவது? தனி ஒருவர் அவர் இடத்தில் அமர இயலாது என்பதை எல்லாரும் உணர்ந்தார்கள். ஆகவே ஒரு தலைமைக் குழு அமைத்துச் சேர்ந்து நடத்துவதென்று முதலில் முடிவாயிற்று. இடையே 1957 பொதுத்தேர்தல் வந்தது. சம்யுக்த மராட்டியக் கிளர்ச்சியில் மற்றக் கட்சிகளோடு கூட்டு வைத்ததால் சம்மேளனம் மக்களவையில் 6 இடங்களை வென்றது. அண்ணல் உயிரோடிருந்தபோது கிடைக்காத வெற்றி அவர் மறைந்து நான்கு மாதங்களுக்குள் கிடைத்தது. சிவராஜ் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவை சென்றார். இரு உறுப்பினர் தொகுதிகள் இருந்த காலம் அது. அம்முறை 1961-இல் ஒழிந்தது. நம் கெடாரிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் கடந்து சென்னை செல்லும் சாலையில் அடுத்து வரும் மாவட்டத்து மக்களின் பிரதிநிதியாக இருந்துகொண்டே, நாகபுரியில் பிறந்த கட்சிக்கும் அவர் தலைவரானார்.

இனி அக்கட்சியின் உள்நிலையைப் பார்ப்போம். நாசிக் கோயில் நுழைவுப் போராட்டக் காலம் தொட்டு அண்ணலோடு நின்ற தாதாசாகேப் கெய்க்வாட் ஒருபுறம். வேட்டி கட்டிய எளிய மனிதர். கிராமத்து மக்கள் அவர் சொன்னால் சிறைக்கும் போவர். வழக்கறிஞர் பி.சி. காம்பளே முதலிய படித்த இளந்தலைவர்கள் மறுபுறம். பாரிஸ்டர் கோப்ரகடே போன்றோர் வேறு. இவர்களுள் ஒருவரைத் தலைவராக்கினால் மற்றவர் பணியார். சிவராஜுக்கு மராட்டியத்தில் சொந்தப் படையில்லை, யாரோடும் பங்காளிச் சண்டையில்லை, எல்லாரிலும் மூத்தவர், அண்ணலே 1942-இல் முன்னிறுத்திய தலைவர். ஆகவே அனைவரும் ஏற்றார்கள். படையில்லாத காரணத்தால் தலைவரானவர், படையில்லாத காரணத்தாலேயே சண்டை மூண்டபோது அதனை அடக்க இயலாதவரானார்.

1959-இல் அது மூண்டது. காந்தேசம், மராத்வாடா பகுதிகளில் தரிசு நிலத்தை நிலமற்ற உழைப்பாளருக்கு வழங்கவேண்டும் என்று கெய்க்வாட் சத்தியாக்கிரகம் நடத்தினார். இது பொதுவுடைமைக்காரர் வழி, அண்ணல் காட்டியது அரசியல் சட்ட வழி என்று காம்பளே குழுவினர் வாதிட்டுப் பிரிந்தார்கள். கொள்கைச் சண்டை என்ற போர்வைக்குள், படித்த நகரத்தாருக்கும் படிக்காத நாட்டுப்புறத்தாருக்கும் இடையிலான பிணக்கும் இருந்தது. இவ்விடத்தில் சிவராஜ் என்ன செய்தார் என்பதே அவர் தலைமையை எடைபோடும் இடம். அவரும் சட்டம் படித்தவர்; நகரத்தவர்; வாழ்நாளெல்லாம் மன்றங்களில் வாதிட்டவர். இயல்பை நோக்கின் காம்பளே பக்கம் சாய்ந்திருக்க வேண்டியவர். ஆனால் அவர் தலைமை வகித்த பிரிவு கெய்க்வாட்டின் பிரிவாகவே நின்றது. சட்ட ஆசிரியர் ஒருவர் நிலத்தில் இறங்கிய கூலியாளரின் கட்சிக்குத் தலைவராயிருந்தார். பிளவைத் தடுக்க இயலவில்லை என்பது உண்மை. பிளந்தபோது எப்பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே நாம் அவரை மதிப்பிடவேண்டும்.

1962 தேர்தலில் கட்சி எவரும் எதிர்பாராத திசையில் வளர்ந்தது. மராட்டியத்தில் இருந்த மக்களவை இடங்கள் போயின. உத்தரப் பிரதேசத்தில் 3 இடங்கள் கிடைத்தன. அலிகரில் 1961-இல் நடந்த கலவரத்திற்குப் பின் பி.பி. மவுரியா தாழ்த்தப்பட்ட ஜாதவரையும் முஸ்லிம்களையும் ஒன்றுசேர்த்துப் பொதுத்தொகுதியிலேயே காங்கிரசை வென்றார். அண்ணல் விரும்பிய பொதுக்கூட்டணி எத்தகையது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். தமிழ்நாட்டில் அவ்வாறு நடக்கவில்லை. காங்கிரசில் காமராசரின் செல்வாக்கும், அதற்கெதிரே தி.மு.க.வின் எழுச்சியும் நம்மவர் வாக்கை இருகூறாக்கிக்கொண்டன. தி.மு.க. 1957-இல் 15 இடமும் 1962-இல் 50 இடமும் பெற்று வளர்ந்த ஆண்டுகளில், அகில இந்தியத் தலைவரின் சொந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி சென்னையிலும் வட ஆர்க்காட்டிலும் சில பகுதிகளைத் தாண்டிப் பெரிதாக வேரூன்றவில்லை. நம் தென்னார்க்காட்டுச் சேரிகளில் அக்கொடி பறந்த இடங்கள் சிலவே. தலைவர் டெல்லியையும் நாகபுரியையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் பார்க்க ஆளில்லாமற் போயிற்று என்று சொன்னால், அது அன்னாரைப் பழிப்பதாகாது. 1978 சூலையில் விழுப்புரத்தில் நம்மவர் 12 பேர் கொல்லப்பட்டபோது, நமக்கென்று ஊன்றி நின்று கேட்கும் வலுவான கட்சியொன்று இல்லாத வெறுமையை இவ்வட்டாரம் நன்கு உணர்ந்தது.

1964-இல் கட்சி தன் வாழ்நாளிலேயே பெரிய காரியத்திற்கு ஆயத்தமாயிற்று. பத்துக் கோரிக்கைகள் கொண்ட பட்டயம் ஒன்று தீட்டப்பட்டது. தரிசு நிலம் நிலமற்றோருக்கு, உழவுக்கூலிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தானிய விலைக் கட்டுப்பாடும் சீரான விநியோகமும், குடிசைவாழ் மக்களுக்குப் பாதுகாப்பு, தீண்டாமைக் குற்றச் சட்டத்தை உண்மையாக நடத்துதல், பணியிடங்களில் இட ஒதுக்கீட்டை நிறைவாக்கல், பௌத்தம் தழுவியோருக்கும் சலுகைகள், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அண்ணலின் படம் ஆகியவை அதில் அடங்கும். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் அது கொடுக்கப்பட்ட அக்டோபர் மாதத்தைச் சிவராஜ் காணவில்லை. 1964 செப்டம்பர் 29-இல், 72 வயது நிறைந்த அதே பிறந்தநாளில், அவர் காலமானார்.

அண்ணலின் நினைவுநாளான திசம்பர் 6-இல் கெய்க்வாட்டின் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. பல மாநிலங்களில், இரண்டு மாதங்களுக்கும் மேலாக, ஆணும் பெண்ணும் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதாகக் கட்சியினர் கணக்கிட்டார்கள். நிலமற்ற ஏழைகள் நிலத்திற்காக மட்டுமே இத்தனை பேர் சிறை சென்ற போராட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் அதற்கு முன் நடந்ததில்லை. நடுவண் அரசு பேச்சுக்கு இறங்கியது. சில மாநிலங்களில் தரிசு நிலம் ஓரளவு வழங்கப்பட்டது.

அதன்பின் கட்சி மீண்டும் பிளந்தது. 1970-இல் கோப்ரகடே பிரிந்தார். 1971 திசம்பரில் கெய்க்வாட் மறைந்தார். பின்னர் குழுக்கள் பெருகின. 1998 மக்களவைத் தேர்தலுக்கு முன் மராட்டியக் குழுக்கள் ஒன்றுசேர்ந்தபோது, அண்ணலின் பேரர் பிரகாஷ் அம்பேத்கர், ரா.சு. கவாய், ராம்தாஸ் அத்வாலே, ஜோகேந்திர கவாடே ஆகிய நால்வரும் வென்றார்கள். நால்வரும் பொதுத்தொகுதிகளிலிருந்தே வென்றவர்கள். சில காலத்தில் அவர்களும் பிரிந்தார்கள். எவரோடும் பங்காளிச் சண்டையில்லாத வெளியூர்த் தலைவர் ஒருவர் அவர்களுக்கு மீண்டும் வாய்க்கவில்லை.

1964 பட்டயத்தின் கோரிக்கைகளில் நிலம் இன்னும் நிலுவையில் நிற்கிறது. சிவராஜைத் தேர்ந்தெடுத்த செங்கற்பட்டு மண்ணிலேயே, காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய நம்மவர்மீது 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். பௌத்தரானோருக்குச் சலுகை 1990-இல் சட்டமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 12-இல் பிரதமர் வி.பி. சிங் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அண்ணலின் படத்தைத் திறந்துவைத்தார். சிவராஜின் கட்சி கேட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போது மீனாம்பாள் அம்மையார் 85 வயதில் சென்னையில் இருந்தார். 1992 நவம்பர் 30-இல் அவரும் மறைந்தார்.